மூன்றாவது லாச்சி

வெள்ளவத்தைச் சந்தையில் அவருக்குத் தேங்காய் விற்க எந்த வியாபாரிக்கும் விருப்பமில்லை. ஒரு தேங்காய் வாங்குவதற்குப் பதினைந்தை எடுத்துக் காதருகே பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுப் பேசாமல் வைத்தாலும் பரவாயில்லை. "இது வெடிச்சது. இது அழுகல். இது ஆரையோ ஏமாத்த வச்சிருக்கிறது" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போவார். ஒருநாள் ஒரு வியாபாரி பொறுக்கமாட்டாமல், "நோனா, மே பொல், கல் நெவெயி" என்றான். அம்மா, இது தேங்காய், கல் இல்லை என்று அர்த்தம். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தட்டினாத்தான் தெரியும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பதினாறாவது தேங்காயை எடுத்தார்.

மாடிக் குடியிருப்பொன்றில் இருந்த அவருடைய வீட்டின் ஓர் அறையில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தேன். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். இரண்டு அறைகள்தான். அண்ணன் கலியாணம் கட்டி அண்ணியும் வந்த பிறகு எனக்குப் பாய் விரிக்கக் கிடைத்தது குசினி வாசல். வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் வேலை கிடைத்ததும், இதுதான் சாட்டு என்று கிளம்பிவிட்டேன். அன்ரி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அறுபத்தைந்து வயது, தனியாள், கட்டை மயிர், கையில் ஆம்பிளை மணிக்கூடு. கை இரண்டிலும் பழைய வெட்டுக்காயத் தழும்புகள்.

பத்தொன்பது வருடம் அரபுப் பாலைவனத்தில் இருந்தவர். புதைபொருள் தோண்டுகிற வெள்ளைக்காரர்களின் முகாமுக்குத் தட்டச்சு வேலைக்கென்று போய், பிறகு அவர்கள் கிண்டி எடுக்கிற கற்களைக் கழுவி, எண் எழுதிப் பெட்டியில் போடுகிற வேலையில் ஊன்றிவிட்டார். வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கழுவுகிறவர் மாறவில்லை. கடைசியில் ஒரு கல்லை எடுத்ததும் அது மனிதன் உடைத்ததா, தானாக உடைந்ததா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் எழுதுவார்களாம். "புத்தகத்தில பேர் அவங்கட. பாத்த கண் என்ர" என்பார். அதில் மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கண் தன்னுடையது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

கல்லைப் பற்றிப் பேசினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். செர்ட் என்று ஒரு கல், சிக்கிமுக்கிக் கல்லின் இனம். அது கண்ணாடி போல உடையும், உடைந்த விளிம்பால் முகம் வழிக்கலாம். அது கிடைக்காத இடத்தில் இருந்தவர்கள் உதிர்ந்து போகிற வெள்ளைப் படிகக் கல்லோடு மாரடித்தார்கள். எரிமலை கக்கிய கறுப்புக் கண்ணாடிக்காக மாதக்கணக்காக நடந்து போனவர்களும் இருந்தார்கள். சரிவராத கல்லை மணலுக்குள் புதைத்து, மேலே நெருப்பு மூட்டிப் பதமாகச் சுட்டால் அதுவும் வசப்படும். "கூடச் சுட்டா வெடிச்சுப் போம். பிறகு ஒண்டுக்கும் உதவாது" என்பார். ஒருநாள் பின் விறாந்தையில் இருந்து, மடியில் பழைய ஜீன்ஸ் துண்டை விரித்துக்கொண்டு, ஒரு செர்ட் கல்லைக் கடற்கரைக் கூழாங்கல்லால் ஒரே அடி அடித்து ஒரு செதிலை எடுத்தார். அதால் தக்காளி வெட்டிச் சம்பல் போட்டோம். அந்தச் சம்பலின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முன் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குக் கீழே, இழுத்துத் திறக்கிற இரண்டு அகலமான லாச்சிகள். மேல் லாச்சியில் மனிதக் கை பட்ட கற்கள். கீழ் லாச்சியில் வெறும் கற்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வருகிற எத்தனையோ பேர் மணலில் கண்ட ஏதோவொரு கல்லைப் பொத்திக்கொண்டு வருவார்கள். ஒருவர் சொல்லி ஒருவர், ஹெந்தளை, மாளிகாவத்தை என்று எங்கெங்கிருந்தோ இந்த வீட்டைத் தேடி வருவார்கள். அன்ரி சீனி போடாத தேத்தண்ணி கொடுத்து, கல்லைத் தட்டி, தடவி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார். சிலர் தந்துவிட்டுப் போவார்கள். அநேகம் பேர், வெறும் கல் என்றதும், அப்படியே கைவிட்டுப் போவார்கள்.

"சந்தேகமான கல்லை எங்க வைப்பீங்க அன்ரி?" என்று கேட்டேன் ஒருநாள்.

"சந்தேகமெண்டது பாக்கிற ஆளின்ர பிழை. கல்லில சந்தேகம் இல்ல. மூண்டாவது லாச்சி என்னட்டை இல்ல."

கல்லோடு நின்றிருந்தால் நல்லது. கிறிஸ்மஸுக்கு அம்மா செய்து தந்த கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டை மென்றுவிட்டு, "கஜு இல்ல. கச்சான் போட்டிருக்கு" என்றார். உண்மைதான். முந்திரிப்பருப்பு விற்ற விலையில் நிலக்கடலை போடாமல் அம்மா வேறென்ன செய்வார்? அதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, அடுத்த வருடம் கேக் தரவும் இல்லை.

இரண்டாவது வருடம் நடந்ததற்கு யாரும் சிரிக்க முடியாது. எதிர் ஃபிளாட்டில் ஒரு தாய் இருந்தார். மகன் யுத்தத்தில் காணாமல் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு பழைய பத்திரிகையில், பிடிபட்டு வரிசையில் குந்தியிருக்கிற ஆண்களின் படம் ஒன்று. அதில் மூன்றாவது ஆள் தன் மகன் என்று நம்பி, அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அந்தப் படத்தை வைத்துத்தான் காலையில் எழும்பினார், அந்தப் படத்தை வைத்துத்தான் சாப்பிட்டார். ஒருநாள் அன்ரியிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்தார். பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. தீர்ப்பு அவர் கேட்கவே இல்லை.

அன்ரி மகனின் அடையாள அட்டைப் படத்தை வாங்கி இதற்குப் பக்கத்தில் வைத்தார். கனநேரம் பார்த்தார்.

"இது உங்கட மகன் இல்ல."

"என்னம்மா சொல்றீங்க? கண்ணைப் பாருங்கோ, அவன்ர கண்."

"கண்ணை விடுங்கோ. காதைப் பாருங்கோ. உங்கட மகன்ர காதுச் சோணை ஒட்டியிருக்கு. இந்தப் பெடியன்ர தொங்குது."

அந்தத் தாய் படத்தை உறையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகு அவரை நான் படிக்கட்டில்கூடக் காணவில்லை. "ஏன் அன்ரி சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "பொய்யோட எத்தினை நாளைக்கு இருக்கிறது?" என்றார். அன்றைக்கு அதுவும் நியாயம்போலத்தான் எனக்குப் பட்டது. அவரைப் பற்றி வங்கியில் பெருமையாகக்கூடச் சொன்னேன். அடுத்தவன் வீட்டுக் கூரை பறக்கும்போது வீரம் பேசுவது சுகம்.

அந்த வருடக் கடைசியில் என் தம்பி வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தான்.

சாரதி வேலை என்று மருதானையில் ஒரு ஏஜென்சி அவனை அனுப்பியது. போய் இறங்கியபோது காத்திருந்தது வாகனம் அல்ல, ஆடுகள். சனம் இல்லாத பாலைவனத்தில், தகரக் கொட்டிலில், இரண்டு வருடம். கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் லொறி. எசமான் வந்தால் தண்ணீர்க் குழாய்த் துண்டால் அடி. எப்படியோ தப்பி வந்து சேர்ந்தான். ஏஜென்சிக்கு நியாயம் கேட்கப் போனபோது அங்கிருந்தவன், "அடிச்ச அடையாளம் எங்க? காட்டு பாப்பம். அடையாளம் இல்லையெண்டா ஆரும் அடிக்கேல்ல" என்றானாம். வீட்டிலும் அதே கதைதான். மற்றப் பெடியன்மார் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து வீடு கட்டவில்லையா என்று அண்ணன் கேட்டார். அம்மா கேட்கவில்லை, ஆனால் அண்ணனை மறுக்கவும் இல்லை.

தம்பி யாரிடமும் ஒன்றும் பேசுவதில்லை. சேர்ட் பையில் ஒரு கல் வைத்திருந்தான். உள்ளங்கை அளவு, மேற்புறம் கறுத்து மினுங்கும், அடிப்புறம் மண் நிறம். ஒரு பக்கத்தில் ஒரு குழி. சாப்பிடும்போது அதைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். அவனுக்குப் பயித்தியம் என்று அண்ணி சொல்லத் தொடங்கியிருந்தார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னான்.

"முள்மரத்துக்குக் கீழ கண்டெடுத்தனான் அக்கா. இஞ்ச பாருங்க, என்ர பெருவிரல் அச்சா இருக்குது இந்தக் குழிக்குள்ள. ஆரோ ஒருத்தன் செஞ்சது. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி அந்த வெயிலுக்குள்ள இருந்தவன்தானே அவனும். அவன் இருந்திருக்கிறான், அப்ப நானும் இருந்திட்டுப் போயிருவன் எண்டு நினைச்சனான். அவனோடதான் கதைச்சனான் இவ்வளவு நாளும்."

ஒருவர்கூட நம்பாத இடத்தில் அந்தக் கல் ஒன்றுதான் அவனுக்குச் சாட்சி. எங்கள் அன்ரிக்குக் கல் தெரியும் என்று நானே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "கூட்டிப்போங்க அக்கா. அவ சொன்னா, எனக்குப் பயித்தியம் இல்லையெண்டு அண்ணன் நம்புவார்" என்றான்.

அவன் வருவதற்கு முதல் நாளே நான் அன்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. "மனிசன் செய்த கல்லெண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி. ஒரு சொல்லு. அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிருவான்."

"கல்லைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி வந்தான். சேர்ட் மினுக்கிப் போட்டிருந்தான். அன்ரி கல்லை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். காதருகே வைத்துக் கூழாங்கல்லால் தட்டினார். நல்ல மணிச் சத்தம். பெருவிரலால் விளிம்பெல்லாம் தடவினார். பிறகு உருப்பெருக்கி. தம்பி கதிரை நுனியில் குந்தியிருந்தான்.

"செர்ட். நல்ல சாதிக் கல்லு."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு.

"ஆனா மனிசன் செய்தது இல்ல. ஒருத்தன் அடிச்சு உடைச்சா, அடி விழுந்த இடத்தில ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதில இருந்து தண்ணியில கல்லுப் போட்டமாதிரி வட்டம் வட்டமாப் போகும். இதில வீக்கமும் இல்ல, வட்டமும் இல்ல. பகல் வெயிலிலயும் இரவு குளிரிலயும் தானா ஒரு செதில் தெறிச்சுப் போயிருக்கு. நீர் விரல் வைக்கிற குழி அதுதான்."

"ஆரும் அடிக்கேல்லயா அன்ரி?"

"அடிச்சா அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லையெண்டா ஆரும் அடிக்கேல்ல."

மருதானையில் அவன் கேட்ட அதே வார்த்தைகள். அன்ரிக்கு அது தெரியாது, அதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை. தம்பி எழுந்தான். "எனக்கும் இல்ல அன்ரி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, திரும்பி நின்று சேர்ட்டைத் தூக்கி முதுகைக் காட்டினான்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். இல்லாவிட்டால் அழுதிருப்பார்கள். அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்த்தார். ஆறுதலாக, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பார்த்தார்.

"ஓம். ஒண்டும் தெரியேல்ல" என்றார்.

தம்பி சேர்ட்டை இறக்கிவிட்டான். "அப்ப நான் ரெண்டு வருசமா ஆரோட கதைச்சனான்?" என்றான்.

"உம்மோடதான்" என்றார் அன்ரி. கல்லை அவன் கையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவனைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போக ஓட்டோ பிடித்தேன். காலி வீதியில் ஞாயிற்றுக்கிழமைக்கும் நெரிசல். எனக்கு அந்த முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது. அவன் வந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு நிற மாற்றம் இல்லை, அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த அதே முதுகு. பம்பலப்பிட்டி வந்தபோது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"தம்பி, உண்மையாவே அடிச்சவங்களாடா?"

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கோபித்திருந்தால் பிழைத்திருப்பேன். சிக்னலில் ஓட்டோ நின்றபோது சாரதியிடம் "மெதன நவத்தன்ன" என்று சொல்லி ஓரமாக நிறுத்தச் செய்து இறங்கினான். கல் இருக்கையில் கிடந்தது. கூப்பிட்டேன். சனத்துக்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தம்பிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மருதானையில் ரேடியேற்றர் திருத்துகிற ஒரு கராஜில் வேலை செய்கிறான், கலியாணமும் கட்டிவிட்டான். கிறிஸ்மஸுக்கு வருவான், சிரிப்பான், என் பிள்ளைக்கு உடுப்பு வாங்கி வருவான். என்னிடம் மட்டும் எதையும் சொல்வதில்லை. "உன்ர கல்லு என்னட்டை இருக்குதடா" என்று ஒருமுறை சொன்னேன். "எந்தக் கல்லு?" என்றான்.

அந்த ஞாயிறு நான் திரும்பி வந்தபோது அன்ரி விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "உம்மட தம்பி கூடச் சுட்ட கல்லு, பிள்ளை" என்றார். அந்த மாதமே அறையைக் காலி செய்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக அல்ல. அந்த முதுகை அவருடைய கண்ணால் நானும் பார்த்துவிட்டேனே, அதற்காக. அதற்காகத்தான் அவரை வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன்.

நாலு வருடம் கழித்து, போன வருடம், அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் இப்போது தெகிவளையில் இருக்கிறேன். குரல் தளர்ந்திருந்தது.

"ரெண்டு கண்ணிலயும் கற்றாக்ற் புரை எடுத்தாச்சு. எத்தினை வருசம் புகைக்குள்ளால பாத்திருக்கிறன் எண்டு இப்பதான் தெரியுது. லாச்சியைத் திரும்பப் பாத்தனான். கீழ் லாச்சியில ரெண்டு கல்லு மேல வரவேண்டியது. ரெண்டும் நீர் இருந்த காலத்தில பாத்த கல்லு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தக் கல்லு இருக்கோ? ஒருக்காக் கொண்டுவாரும். எனக்கு நித்திரை இல்ல."

கொண்டுபோனேன். கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை, பழைய படிக்கட்டில் ஏறினேன். காட்டத்தான் போனேன். அது மனிதன் செய்த கல் என்று அவர் வாயால் வந்தால் தம்பியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றுகூட மனதில் ஒரு நினைப்பு. எதிர் ஃபிளாட்டில் பூட்டுத் தொங்கியது. "அந்த அம்மாவின்ர படத்தையும் திரும்பப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அவ போன வருசம் செத்துப்போனா. படம் எங்கயெண்டு தெரியேல்ல" என்றார். பிறகு, நான் இருக்கவும் விடாமல், "கொண்டுவந்தனீரோ?" என்றார். கை நீண்டிருந்தது. மேசையில் உருப்பெருக்கியும் புது விளக்கும் தயாராக இருந்தன. கண்கள் நன்றாகத் தெளிந்திருந்தன.

தம்பி எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன், சத்தியமாக. அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.

"இல்ல அன்ரி. அண்டைக்கே தம்பி கடலில எறிஞ்சிட்டான்."

கை கீழே இறங்கியது. "எந்த இடத்தில?"

"ஸ்டேஷனுக்குப் பின்னால, பாறைப் பக்கம்."

"தெகிவளைப் பக்கமோ, பம்பலப்பிட்டிப் பக்கமோ?"

"தெகிவளைப் பக்கம்" என்றேன். பொய் சொல்வது இவ்வளவு லேசு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு சொல்தானே. அதைத்தான் நானும் அவரிடம் கேட்டிருந்தேன்.

இப்போது எனக்கு வங்கியின் கோட்டைக் கிளையில் வேலை. தெகிவளையிலிருந்து காலை ரயிலில் போவேன், இடப்பக்கம் ஜன்னலோரம் கடல். வெள்ளவத்தை ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்னால், கறுத்தப் பாறைகளுக்கு நடுவே, அவர் நிற்பார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பொலித்தீன் பை. அலை கணுக்கால் வரை வந்து போகும். குனிந்து ஒரு கல்லை எடுப்பார், காதருகே வைத்துத் தட்டுவார், போட்டுவிடுவார். அடுத்ததை எடுப்பார். மழை நாளிலும் கண்டிருக்கிறேன். போன கிழமை ஒருதரம் வழுக்கி விழுந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

கல் என் கைப்பையில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் ரயில் ஒரு நிமிடம் நிற்கும். இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத் தூரம். நான் இன்னும் இறங்கவில்லை.